கவர்னருக்குப் போட்ட மாலை

றெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரில் உள்ள என் அச்சகத்தில், ஒரு கலியாண அழைப்பிதழின் தங்க ஓரம் சரியாக விழவில்லை என்று இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் அக்காவின் படம். அவருக்கு எதிரே, கோட்டும் பதக்கங்களுமாக ஒரு வெள்ளைக்காரரின் பெரிய உருவப்படம். அந்த வெள்ளைக்காரரின் கழுத்தில் மாலை. மாலையில் அக்காவின் இரண்டு கைகள். கீழே இப்படி எழுதியிருந்தது: "ஆளுநரின் அருஞ்சேவையைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்த எழுத்தாளர் திருமதி றெஜினா சவரிமுத்து அவர்களின் மறைவுக்கு எமது கண்ணீர் அஞ்சலி." அனுப்பியது எங்கள் ஸ்காபரோ இலக்கியச் சங்கம்.

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை. அவரை அறிந்த உங்களிடம் அந்தக் கோபத்தோடுதான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். சங்கத்தார் சொன்னதும் நல்ல வார்த்தைதான். அதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

அக்கா மன்னாரில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து, சில காலம் படிப்பித்து, சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தார். ரொறொன்ரோவில் அவருடைய தொழில் மொழிபெயர்ப்பு. அகதிக் கோரிக்கை விசாரணைகளில், நாங்கள் 'ஹியரிங்' என்று சொல்வதில், எங்கள் சனத்துக்கும் விசாரிக்கிற அதிகாரிக்கும் நடுவில் இருந்து, இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். நானும் ஒரு காலத்தில் அந்த மேசைக்கு முன்னால் வேர்த்துக்கொண்டு இருந்தவன்தான். பதற்றத்தில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோன மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். அக்கா அதை அப்படியே இங்கிலிசில் சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. என் வழக்கறிஞர் அதைச் சரிக்கட்டப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வெளியே வந்ததும் நடைபாதையில் அவரை மறித்தேன். "அக்கா, மாதத்தை மட்டும் ஒருக்கா மாத்திச் சொல்லியிருக்கலாம்தானே? எங்கடை ஆள் எண்டு பாத்திருக்கக் கூடாதோ?" என்று கேட்டேன்.

"எங்கடை ஆள் எண்டபடியால்தான் மாத்தேல்லை," என்றார். "நான் ஒருக்கா மாத்தினது பிடிபட்டால், பிறகு வாற ஒருத்தற்றை கதையையும் இஞ்சை நம்பமாட்டினம். நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்." சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். எனக்கு அன்று அவர்மேல் வந்த எரிச்சல் நாலைந்து வருடம் இருந்தது.

பிறகு அவர் ஓய்வு பெற்றுக்கொண்டு, ஒரு புத்தகத்தை அச்சிட வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். எனக்கு உடனே ஆளைத் தெரிந்துவிட்டது. "அக்கா, என்னை ஞாபகம் இருக்கோ?" என்றேன். "இல்லைத் தம்பி. உங்களை நான் எங்கையும் காணேல்லை," என்றார், கண்ணில் ஒரு சிரிப்போடு. விசாரணை அறையில் கண்டவரை வெளியே கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர் தொழிலின் ஒழுங்கு. கடைசிவரை அவர் என்னை அங்கே கண்டதாக ஒத்துக்கொள்ளவே இல்லை.

கொண்டுவந்தது ஒரு பிரித்தானிய ஆளுநரின் வாழ்க்கை வரலாறு. எந்த ஆளுநர் என்று கேட்பீர்கள். பெயரை எழுத மாட்டேன். அவர் பெயரில் தெருக்கள் இருக்கின்றன, சிலை இருக்கிறது. என்னுடைய கட்டுரையும் அவருக்கு எதற்கு? இலங்கையில் வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்ட காலத்து ஆள் என்றால் போதும்.

ஒரு பாதிரியாரின் இளைய மகன். காணி மூத்தவனுக்குப் போனதால் இவர் பட்டாளத்துக்குப் போனார். ஒரு காயம், ஒரு பதக்கம். அதன் பிறகு கரும்பு விளையும் தீவொன்றில் சின்னப் பதவி. அடிமைகளை வைத்து வேலை வாங்குவதை அங்கே பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினார். அடுத்தது இலங்கை. தெருப் போட்டார், பாலம் போட்டார், காடெல்லாம் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்று சட்டம் போட்டார். அந்தக் காட்டில் ஒரு துண்டைத் தானும் வாங்கித் தோட்டம் வைத்தார். தோட்டத்துக்கு ஆள் காணாது என்று தமிழ்நாட்டிலிருந்து சனத்தை இறக்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீர் இல்லாத காட்டு வழியால் மலைநாடுவரை நடந்து போன சனம் அது. வாந்திபேதியில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். கவர்னருக்கு இன்னொரு நாட்டுக்கு மாற்றம் வந்தது, பட்டம் வந்தது, ஓய்வூதியம் வந்தது. கடைசியில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றில், சொந்தக் கட்டிலில், பிள்ளைகள் சூழ்ந்திருக்கச் செத்தார்.

இந்த மனிதரைப் பற்றி இங்கிலிசில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. அக்கா அதை நூலகத்தில் எடுத்து வாசித்திருக்கிறார். அதில் கவர்னரின் குதிரைக்குக் காய்ச்சல் வந்த கதை மூன்று பக்கம். மன்னார்ப் பாதையில் செத்த சனத்துக்கு ஒரு வரி: வழியில் சில உயிரிழப்புகள் நேர்ந்தன. அந்தப் பாதை தொடங்குகிற இடத்தில் பிறந்து வளர்ந்தவர் அக்கா. அந்த ஒரு வரிக்காகத்தான் முழுப் புத்தகத்தையும் எழுதத் தொடங்கினேன் என்று என்னிடம் சொன்னார். என் கடைக் கதிரையில் இருந்தபடி, சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவர் சொன்ன இன்னொன்றை நான் மறக்கவில்லை. "எங்கடை சனம் மாதத்தை மாத்திச் சொன்னால் பொய்யர் தம்பி. கவர்னர் கையெழுத்துப் போட்டால் சரித்திரம்."

'மாதத்தை' என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

அவரோடு புரூப் பார்ப்பது சுலபமில்லை. ஒரு படத்துக்குக் கீழே 'ஆளுநர் கண்டி வீதியைக் கட்டினார்' என்று நான் தட்டினால், "அவர் கல்லுத் தூக்கினவரோ?" என்று கேட்பார். எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள் என்றால், "கல்லுத் தூக்கினவை எழுதினால் அப்பிடி எழுதமாட்டினம்," என்பார். சரி, அவருக்குக் கவர்னர்மேல் இவ்வளவு கோபமா என்று நினைத்து, உற்சாகத்தில் ஓரிடத்தில் 'கொடுங்கோலன்' என்ற சொல்லை நானே சேர்த்துவிட்டேன். அதையும் வெட்டினார். போதாததற்கு, கவர்னரின் கைக்குழந்தை கொழும்பில் காய்ச்சலில் செத்ததையும், அந்த மனிதர் கதவைப் பூட்டிக்கொண்டு அழுததையும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். "உது என்னத்துக்கு அக்கா, சனம் பாவம் பாக்கப்போகுது," என்றேன். "பாக்கட்டும். நடந்தது தானே. தன்ரை பிள்ளை செத்தால் எப்பிடி இருக்கும் எண்டு தெரிஞ்ச மனிசன்தான் மற்றப் பிள்ளையளை அந்த வழியாலை நடக்கவிட்டவர். அதையும் சேத்துப் பாக்கட்டும்." நான் அந்தப் பக்கத்தைத் தட்டினேன்.

அட்டைப்படம் என்ன போடுவது என்று கேட்டபோது, கவர்னரின் முகத்தைப் போடச் சொன்னார். எனக்கு விருப்பமில்லை. பொலிஸ் தேடுகிற ஆளின் படத்தைப் போடுவதுபோலப் பெரிதாகப் போடுங்கள், சனம் அந்த முகத்தை ஒருமுறை நேராகப் பார்க்க வேண்டும் என்றார். போட்டேன்.

இனி வெளியீட்டு விழா. ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கத்து மண்டபம் ஒன்றில், மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிறு பின்னேரம். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

எங்கள் மண்டபங்களில் மேடைக்குப் பக்கத்தில் ஒருவருடைய பெரிய படம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் காலமாகிவிட்டார். முன்னால் குத்துவிளக்கு, கழுத்தில் மாலை. புத்தக வெளியீடுகளில் பாதி, காலமானவர்களின் பிள்ளைகள் அப்பாவின் கவிதைகளைத் தொகுத்துப் போடுவது. ஆகவே சங்கத்தார் என்ன செய்தார்கள்? அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்தார்கள். புத்தகத்தைத் திறக்கவில்லை. முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்து, மாலையும் போட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்திருந்தால் விடுவேனா? படத்தை வேறு கடையில் செய்வித்திருந்தார்கள். நான் பின்பக்கக் கதவால் புத்தகப் பெட்டிகளை இறக்கிவிட்டு உள்ளே வரும்போது விழா தொடங்கிக்கொண்டிருந்தது.

முதலில் கனடா கீதம். பிறகு ஒரு பிள்ளை வந்து, நாம் கூடியிருக்கும் இந்த நிலம் முதற்குடிகளின் நிலம், காலனித்துவம் அவர்களுக்குச் செய்த அநீதியை நினைவுகூர்கிறோம் என்று வடிவான இங்கிலிசில் வாசித்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றோம். தலையை நிமிர்த்தியதும், பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு காலனித்துவக் கவர்னரின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார்கள். ஒருவருக்காவது ஒரு சின்னச் சந்தேகம் வர வேண்டாமா? இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இல்லை.

ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை. வாசித்துவிட்டு வந்தவர் ஒருவர்கூட இல்லை. பிரதம விருந்தினர், "இப்பிடி ஒரு கவர்னர் எங்களுக்கு இப்ப இருந்தால் வடக்கு இண்டைக்கு எப்பிடி இருந்திருக்கும்!" என்றார். கைதட்டல். அக்கா முன்வரிசையில், மடியில் கைப்பையோடு இருந்தார். பிறத்தியாருடைய பேச்சைக் கேட்பதுதான் அவர் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏற்புரைக்குக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் ஒலிவாங்கிக்குப் போகவில்லை. படத்தடிக்குப் போனார். இரண்டு கையாலும் கவர்னரின் கழுத்தில் இருந்த மாலையைப் பிடித்து, சட்டத்தின் மேல்மூலையில் சிக்காமல் மெல்லத் தூக்கிக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துப் படப்பிடிப்பாளர் ஒரு கிளிக். மாலையைக் குத்துவிளக்கின் காலடியில் வைத்தார். பிறகு படத்தைத் தூக்கிக்கொண்டுபோய் முன்வரிசையில் தன்னுடைய வெறுங்கதிரையில் இருத்தினார். அதன் பிறகுதான் ஒலிவாங்கிக்கு வந்தார்.

"விளக்கு எரியட்டும். பாதையிலை செத்த சனத்துக்கு ஆரும் விளக்குக் கொழுத்தேல்லை, அதாலை அது அவைக்கு. மாலையும் அவைக்கு. நீங்கள் ஆள் மாறிப் போட்டிட்டியள். இவர் கதிரையிலை இருந்து கேக்கட்டும். இண்டைக்கு இவரின்ரை ஹியரிங்."

சொல்லிவிட்டு மன்னார்ப் பாதை அத்தியாயத்தை வாசித்தார். கூட்டாமல், குறைக்காமல், அந்த விசாரணை அறையில் பேசுகிற அதே குரலில். முன்னால் இருந்த சிலர் அழுதார்கள். பின்னால் இருந்த பலர், கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, பின்மேசையில் இருந்த ரோல்ஸ் சிற்றுண்டி எடுக்கப் போனார்கள். சங்கத்தின் செயலாளர் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார்.

அடுத்த கிழமை இலவசப் பத்திரிகையில் படம் வந்தது. எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை. 'நூலாசிரியர் ஆளுநரின் திருவுருவப் படத்துக்கு மாலை அணிவிக்கிறார்.' மாலை போடுகிற கையும் கழற்றுகிற கையும் ஒரு படத்தில் ஒரேமாதிரித்தான் இருக்கும். அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். பத்திரிகைக்காரர் நிற்கவில்லை, செயலாளர் கொடுத்த குறிப்பைப் போட்டார். செயலாளர் நின்றார்!

அக்கா திருத்தம் கேட்டார். செயலாளர் என் கடைக்கே வந்து அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். "அக்கா, உதைப் பெரிசாக்காதேங்கோ. படம் வடிவா வந்திருக்கு. நீங்கள் கழற்றினது எண்டு போட்டால், சங்கம் பிழையாச் செய்தது எண்டு வரும். என்னத்துக்கு வீண் கதை?" திருத்தம் வரவில்லை. அந்தப் படம் சங்கத்தின் ஆண்டு மலரில் வந்தது, இணையத்தில் வந்தது, பிறகு அவரைப் பற்றிய எல்லா இடத்திலும் வந்தது.

செயலாளர் போன பிறகு அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "பிழையான மொழிபெயர்ப்பு, தம்பி," என்றார். "நான் ஒருத்தற்றை வாயையும் மாத்திச் சொல்லேல்லை. என்ரை கையை மாத்திச் சொல்லிப்போட்டினம்." அவர் கலங்கி நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

அதே படத்தைத்தான் அவர் இறந்த செய்தியோடும் அனுப்பினார்கள். என் கோபம் உங்களுக்கு இப்போது விளங்கும்.

அடக்கம் முடிந்த மறுகிழமை அக்காவின் மகன் அன்ரன் கடைக்கு வந்தான். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். கிழக்கு ஸ்காபரோவில், ரூஜ் பக்கம் வீடு, கைக்குழந்தை, நித்திரை இல்லாத கண்கள். தமிழ் நன்றாகக் கதைப்பான். வாசிக்க அவனுக்குக் கஷ்டம். கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.

"அங்கிள், மலரின்ரை கவருக்கு இதைப் போடுவம். அம்மா இதிலை நல்லா இருக்கிறா. ஸ்ரோங்கா."

"அதிலை அம்மா என்ன செய்யிறா எண்டு தெரியுமோ அன்ரன்?"

"அந்தக் கவர்னருக்கு மாலை போடுறா. அம்மாக்கு அவரை நல்லாப் பிடிக்கும் என்ன? கடைசி வரைக்கும் அவரைப் பற்றித்தானே கதைச்சவ."

விழா நடந்தபோது அவன் கல்கரியில் வேலையில் இருந்தவன். புத்தகத்தை வாசிக்க முடியாதவன். தாயைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததும் சங்கத்தார் எழுதியதுதான். பத்திரிகை பிழையாகச் சொன்னால் கோபப்படலாம். பெற்ற பிள்ளையே அப்படி நம்பிக்கொண்டு நிற்கும்போது யாரிடம் கோபப்படுவது? எத்தனை பேருடைய கதையை உள்ளது உள்ளபடி சொல்லிக் காப்பாற்றிய மனுசி! அவருடைய கதையைச் சொல்ல அந்த மண்டபத்தில் இருந்த எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, அவனை அக்கா இருந்த கதிரையில் இருத்தி, நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் சொன்னேன். குதிரையின் காய்ச்சல், கவர்னரின் குழந்தை, பாதை, விளக்கு, ஹியரிங் எல்லாம். பிறகு மன்னார்ப் பாதை அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். அவன் படத்தைப் பெரிதாக்கித் தாயின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெயிற், பொறுங்கோ அங்கிள்," என்றான். "அம்மா கழற்றுறாவா?"

"ஓம். கழற்றுறா."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

அவன் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன். பதில் இருந்தால் அவனுக்குச் சொல்லுங்கள்.

நினைவு மலருக்குச் சங்கம் இரண்டு பக்க அஞ்சலி அனுப்பியிருந்தது. 'அருஞ்சேவை' அதில் மூன்று இடத்தில் வந்தது. அன்ரன் அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றான். செயலாளர் அவனுக்கு அழைத்து, பெரியவர்கள் மனம் நோகும் என்று சொல்லியிருக்கிறார். "அம்மாவின்ரை மனம் நோகேல்லையா அங்கிள்?" என்று இவன் திருப்பிக் கேட்டிருக்கிறான். அட்டைக்கு அதே படத்தைத்தான் போட்டோம். படத்துக்குக் கீழே எழுதுவதைத் தானே எழுதுவதாகச் சொல்லி, என் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். இரண்டே சொல்.

அம்மா கழற்றுறா.

ஆயுள் முழுக்கப் பிறருடைய தமிழைத் திருத்திச் சம்பாதித்தவன் நான். கை தானாகவே 'கழற்றுகிறார்' என்று மாற்றப் போனது. பிறகு எடுத்துவிட்டேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே விட்டேன்.

பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் சாப்பாடு. செயலாளர் மலரைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உதென்ன, என்னத்தைக் கழற்றுறா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எத்தனை கூட்டத்தில் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு இருக்கவில்லை. "நீங்கள் போட்ட மாலையை, அண்ணை," என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அன்ரன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

றெஜினா அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய அந்த ஒரு ஒழுங்கைத்தான். நடந்ததைக் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்தக் கட்டுரையையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களே, நீங்களும் சாட்சிகள். அந்தப் படம் இனியும் எங்காவது வரும். வரும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். அவர் மாலை போடவில்லை. கழற்றினார்.